வீட்டுப் பாத்தியும் விற்பனைப் பாத்தியும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

ஜெயங்கொண்டத்தை அடுத்த எங்கள் சிற்றூரில், முந்திரிக் காட்டை ஒட்டிய கிணற்றுக் கொல்லையில் என் தந்தையார் கத்திரி பயிரிடுகிறார். அதில் கடைசி இரண்டு பாத்திக்கு மட்டும் அவர் மருந்து அடிப்பதில்லை. அது வீட்டுக்கு, மீதி சந்தைக்கு. பல வீடுகளில் இதுவே வழக்கம், யாரும் மறைப்பதும் இல்லை. விலங்கியல் படிக்க வந்த பிறகுதான் இந்தப் பிரிவினை என்னை உறுத்தத் தொடங்கிற்று.

கத்திரிக்குப் பெரும் பகை தண்டு மற்றும் காய்த்துளைப்பான். வெண்ணிறச் சிறு அந்துப்பூச்சி இரவில் இலையிலும் குருத்திலும் முட்டையிடுகிறது. பொரித்து வரும் புழு விரைவிலேயே குருத்தையோ காயையோ துளைத்து உள்ளே போய்விடும். துளையைத் தன் கழிவாலேயே அடைத்தும் கொள்ளும். அதன்பின் எவ்வளவு தெளித்தாலும் அதன்மேல் படாது. புழு வெளியே இருக்கும் சிறு பொழுதைப் பிடிக்கவே உழவர் அடிக்கடி தெளிக்கிறார். காயையோ சில நாளுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும். தெளித்து இத்தனை நாள் கழித்தே பறிக்கலாம் என்று புட்டியில் அச்சிட்டிருப்பதைக் கடைப்பிடித்தால் காய் முற்றிவிடும். முற்றிய காயை யார் வாங்குவார்?

கரிம பாஸ்பரஸ் நஞ்சுகள் நரம்பு மண்டலத்தில் உள்ள அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியை முடக்குகின்றன. அந்த நொதி புழுவுக்கும் உண்டு, தெளிப்பவருக்கும் உண்டு. தெளித்த மாலைகளில் தந்தையாருக்குத் தலை சுற்றுவதை வெயில் என்றே வீட்டில் சொல்லி வந்தோம். இந்த நஞ்சுக்கு நாம் வைத்த பெயர்தான் 'மருந்து'!

இதே புழுவுக்காக உருவாக்கப்பட்டதுதான் பி.டி. கத்திரி. பொதுமக்கள் கருத்தைக் கேட்டபின், 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது. வங்கதேசத்தில் 2014 முதல் பயிராகிறது. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. நம் வாசலிலேயே ஒன்று இருக்கிறது.

ஆடி மாதம் என் தாயார் வேப்பங்கொட்டை பொறுக்கி வியாபாரியிடம் படிக்கணக்கில் விற்பார். அந்தப் பணமும் சேர்ந்துதான் மருந்துக் கடைக்குப் போகும். அந்தக் கொட்டைக்குள் இருக்கும் அசாடிராக்டின் புழுவை உண்ணவிடாது. தோலுரித்து வளரும் இயக்குநீரையும் குலைக்கும். அரைக் கிலோ பருப்பை இடித்துத் துணியில் கட்டி இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, பிழிந்து வடித்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துப் பத்து லிட்டராக்கினால் ஒரு டேங்க் ஆயிற்று. வெயிலில் விரைவில் சிதைந்துவிடும் என்பதால் மாலையில் தெளிக்க வேண்டும். ஆனால் வேம்பு மட்டும் போதாது. தலைசாய்ந்த குருத்துகளைப் புழுவோடு கிள்ளி எரிக்க வேண்டும். ஆண் அந்துகளைப் பிடிக்க இனக்கவர்ச்சிப் பொறி வைக்க வேண்டும். நஞ்சு தெளிக்காத இடத்தில்தான் புழுவைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவிகளும் தங்கும்.

சென்ற பட்டத்தில் கெஞ்சிக் கேட்டு மூன்று வரிசையை வாங்கிக்கொண்டேன். தினமும் கல்லூரிக்குக் கிளம்புமுன் குருத்துக் கிள்ளினேன். தேர்வு வாரத்தில் விட்டுவிட்டேன். அந்த வாரமே சொத்தை பெருகிற்று. மொத்தத்தில் என் வரிசைகளில் சொத்தைக் காய் கூடுதல்தான், அதை மறைப்பதற்கில்லை. மருந்துச் செலவு இல்லாததால் நட்டம் பெரிதாகத் தெரியவில்லை. "ஓட்டைக் காயை நீயே கொண்டுபோய் வித்துட்டு வா" என்றார் தந்தையார். கொண்டு போனேன். ஓர் அம்மாள் மட்டும் காயைப் புரட்டிப் பார்த்து, மருந்து அடிக்காததா என்று கேட்டு இரண்டு கிலோ வாங்கினார்.

இந்த ஆடியில் தாயார் வேப்பங்கொட்டையை விற்கவில்லை. இரண்டு மூட்டை திண்ணையில் காய்கிறது. எத்தனை வரிசை தருவார் என்று தந்தையார் இன்னும் சொல்லவில்லை.