கத்ரியின் சக்ஸபோன்

கற்பிட்டி

அன்புள்ள தம்பிக்கு,

தலவில புனித அன்னம்மாள் திருவிழாவில் பேண்ட் குழுவோடு சக்ஸபோன் வாசிக்கிறீர் என்றும், ஃப்ரீ ஜாஸ் கேட்கத் தொடங்கியதிலிருந்து இரவில் நித்திரை இல்லை என்றும் எழுதியிருந்தீர். அப்படிக் கட்டவிழ்த்து ஊதியவர் நம்மவரில் எவரும் உண்டா என்றும் கேட்டிருந்தீர். அச்சு அசலாக அந்த வகைக்காரரை என்னால் காட்ட முடியாது. ஆனால் சக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத்தைக் கேளாமல் நீர் ஊதிக்கொண்டிருக்கக் கூடாது.

1949இல் தென் கன்னட மாவட்டத்தில் பிறந்தவர். தகப்பனார் தனியப்பா நாதஸ்வர வித்துவான். மைசூர் அரண்மனை பேண்டில் சக்ஸபோனைக் கேட்ட பொடியன், ஊதினால் இதைத்தான் ஊதுவேன் என்று நின்றுவிட்டார். அது கைவசமாக இருபது வருடம் பிடித்தது என்பார்கள். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பாடம் கேட்டார்.

ஏன் அவ்வளவு காலம்? உமது அல்டோ சக்ஸபோனையே எடுத்துப் பாரும். நாதஸ்வரக்காரர் துளையை விரலால் அரைவாசி மூடுவார், சீவாளியில் மூச்சை இறுக்குவார், இளக்குவார். சுரம் வழுக்கிக்கொண்டு போகும். சக்ஸபோனில் துளையை மூடுவது விரல் அல்ல, உலோக மூடி. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் படியேறுவதுபோல் தாவத்தான் அது செய்யப்பட்டது. சுரத்தை வழுக்கி அசைக்கும் கமகம் இல்லாத தோடி ராகம் தோடியே அல்ல. கோபால்நாத் வாத்தியத்தின் விசைகளில் மாற்றம் செய்தார். மிச்சத்தை உதட்டாலும் மூச்சாலும் செய்தார். ஒரே சுரத்தை நீளமாகப் பிடித்துக்கொண்டு, விரலை அசைக்காமல் கீழுதட்டை மெல்லத் தளர்த்திப் பாரும், சுருதி இறங்கும். அந்தச் சிறு இறக்கத்தை ராகத்துக்குத் தேவையான அளவில், தேவையான இடத்தில் நிறுத்துவதற்குத்தான் அத்தனை வருடம்.

இனி நீர் கேட்கும் ஃப்ரீ ஜாஸுக்கு வருவோம். 1960 டிசம்பரில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஓர்னெட் கோல்மன் இரண்டு நால்வர் குழுக்களை ஒன்றாக வாசிக்க வைத்துப் பதிவுசெய்த இசைத்தட்டின் பெயர்தான் ‘ஃப்ரீ ஜாஸ்’. முன்கூட்டிப் போட்ட சுரக்கூட்டு (கோர்ட்) வரிசையை அவர் விட்டொழித்தார். அவரும் அல்டோதான், சுருதியை வளைத்தே வாசித்தார், சுருதி சேரவில்லை என்று ஏச்சும் வாங்கினார். கோபால்நாத் ராகத்தின் எல்லையைத் தாண்டவில்லை. ஆனாலும் இருவரும் தேடிப்போனது சுரங்களுக்கு நடுவில் உள்ள இடத்தைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஜாஸ்காரர்கள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் கோபால்நாத்தைக் கேட்ட அமெரிக்க சக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி, கூடவே மேடையேறி வாசிக்க ஆசைப்பட்டார்.

இன்னொன்று. ஜாஸ் பிறந்தது அமெரிக்காவின் ஆப்பிரிக்க வழி மக்களிடம். ஆப்பிரிக்க வழி மக்கள் நம் மாவட்டத்திலேயே, புத்தளத்துக்குப் பக்கத்துச் சிரம்பையடியில், இன்றும் மஞ்சா என்னும் தங்கள் பாட்டைப் பாடுகிறார்கள். பஸ் ஏறினால் போய்க் கேட்கலாம்.

மறுபடி கோபால்நாத்துக்கு வருகிறேன். 1994இல் அவருக்கு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசியின் புரோம்ஸ் மேடை. அதே வருடம் ‘டூயட்’ படம். திரையில் சக்ஸபோன் ஊதுபவர் நடிகர் பிரபு, மூச்சு கோபால்நாத்துடையது. 2004இல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபர் 11இல் மங்களூரில் காலமானார்.

‘டூயட்’டோடு நின்றுவிடாதேயும். ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மஹந்தப்பாவோடு அவர் வாசித்த ‘கின்ஸ்மென்’ இசைத்தட்டு 2008இல் வந்தது. ஜாஸ் அல்டோ ஒன்று, கர்நாடக அல்டோ ஒன்று, கூடவே வயலின் கலைஞர் கன்யாகுமரியின் வாசிப்பு. எந்த அல்டோ யாருடையது என்று காதாலேயே பிரித்து, அடுத்த கடிதத்தில் எனக்கு எழுதும்.

அன்புடன்,
உமது அண்ணன்