அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடு

கடன் வாங்கி முதல் டூரிஸ்ட் பஸ்ஸை ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிற தம்பிக்கு எழுதுகிறேன். இனி கல்யாண வீட்டார் வருவார்கள், சபரிமலைக்குக் கூட்டிப்போகும் குருசாமி வருவார், பள்ளிச் சுற்றுலாவுக்குத் தலைமையாசிரியர் வருவார். எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் எல்லோரும் பேசியதற்கு மேல் ஏதாவது கேட்பார்கள்: இரண்டு ஆள் கூட, ஒரு கோயில் கூட, ஒரு மணி நேரம் சீக்கிரம். அதற்கெல்லாம் டிரைவர் நடுரோட்டில் நின்று பதில் சொல்லும்படி விடாதே. சவாரி பேசும்போதே நீ சொல்லியிருக்க வேண்டும். பயணிகளின் உயிர்ப் பாதுகாப்பில் பெரும்பகுதி அட்வான்ஸ் கை மாறும் அந்த நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது.

1. காகிதங்களைக் கேட்கும் முன்பே காட்டு. பெர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி, புகைச் சான்று, டிரைவரின் லைசென்ஸ் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஒரு கோப்பில் வை. வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். இரண்டு எஃப்.சி.க்கும் நடுவில் வண்டியைப் பார்க்கும் பொறுப்பு உன்னுடையது. ஒவ்வொரு சவாரிக்கும் முன்னால் டயர், பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, வைப்பர், ஸ்டெப்னி ஆகியவற்றைப் பார்த்து, நோட்டில் தேதி போட்டு எழுது. ஒப்பந்த ஊர்தி பெர்மிட் என்றால் பேசிய குழுவை மட்டுமே ஏற்றலாம். காலி சீட் இருக்கிறதென்று வழியில் கைகாட்டுபவரை ஏற்றினால் அது பெர்மிட் மீறல். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் தகராறும் அந்த ஓர் ஆளிலிருந்துதான் கிளம்பும்.

2. ஆள் கணக்கைப் பெயரோடு வாங்கு. ஆர்.சி.யில் உள்ள இருக்கைகளுக்கு மேல் ஒருவர்கூட வேண்டாம். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் அபராதம் என்பதோடு, அவர்களை இறக்கி வேறு ஏற்பாடு செய்யும்வரை வண்டி நகரக்கூடாது என்றும் மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அபராதம் சின்னத் தொகை. ஆனால் நடைபாதையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவர் திடீர் பிரேக்கில் முன்கண்ணாடிவரை வந்து விழுவார். “குழந்தைகள்தானே, மடியில் வைத்துக்கொள்கிறோம்” என்பார்கள். குழந்தையையும் கணக்கில் சேர்த்து, தேவைப்பட்டால் பெரிய வண்டியாகப் பேசு.

3. பயணத் திட்டத்தை டிரைவரின் தூக்கத்திலிருந்து போடு. வாடிக்கையாளர் ஊர்களின் பட்டியலோடுதான் வருவார். நீ அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் மணிக்கணக்கை எழுது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. பொதுவாக நாளுக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்குள் குறைந்தது அரை மணி ஓய்வு, ஒருநாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்கும்வரை தொடர்ச்சியாக 9 மணி நேர இடைவெளி என்பது அந்தச் சட்டம் வகுத்திருந்த கணக்கு. ராத்திரி கிளம்பி, விடியற்காலை தரிசனம், பகல் முழுக்கச் சுற்றல், மறுபடி ராத்திரி ஊர் திரும்பல் என்ற திட்டத்தை ஒரே டிரைவரோடு ஒத்துக்கொள்ளாதே. இரண்டாவது டிரைவருக்கான செலவை வாடகையில் சேர்த்துச் சொல். அது கட்டுப்படியாகவில்லை என்றால் பட்டியலில் இரண்டு ஊரைக் குறைக்கச் சொல்.

4. திரும்பிய வண்டியை உடனே அடுத்த சவாரிக்கு விடாதே. 2022 அக்டோபர் 5-ஆம் தேதி இரவு, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில், ஊட்டிக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற டூரிஸ்ட் பஸ் கேரள அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. 5 மாணவர்கள் உட்பட 9 பேர் இறந்தார்கள். மோதும்போது வேகம் மணிக்கு 97 கிலோமீட்டருக்கு மேல். வேளாங்கண்ணிப் பயணம் முடித்து வந்த கையோடு அந்த வண்டி கிளம்பியதாக அப்போது செய்திகள் வந்தன. சீசனில் இரண்டு சவாரிக்கு நடுவே ஒரு ராத்திரியை விட மனசு வராது. விட்டுத்தான் ஆக வேண்டும். ஸ்பீடு கவர்னர் 80-க்கு வைத்திருந்தால் 80-தான். அதில் கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கை ஷெட்டுப் பக்கமே சேர்க்காதே.

5. டிரைவருக்குப் படுக்கை பேசி வாங்கு. லாட்ஜில் எல்லோருக்கும் அறை போட்டுவிட்டு டிரைவரையும் கிளீனரையும் வண்டியிலேயே படுக்கச் சொல்வது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. கொசுக்கடியில் புழுங்கிக் கிடந்தவர்தான் மறுநாள் நாற்பது, ஐம்பது உயிர்களைச் சுமந்து ஓட்டப் போகிறார். பேட்டாவோடு மின்விசிறி உள்ள ஓர் அறையும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

6. மலைப்பாதைக்கு மலை தெரிந்த டிரைவரை அனுப்பு. ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து அதிகம். 2023 செப்டம்பர் 30 அன்று குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கிய சுற்றுலாப் பேருந்து மரப்பாலம் அருகே பள்ளத்தில் விழுந்து, தென்காசி மாவட்டத்திலிருந்து வந்திருந்த 9 பேர் உயிரிழந்தார்கள். இறக்கத்தில் காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் டிரம் சூடேறி லைனிங் பிடிமானத்தை இழக்கும். விட்டுவிட்டு மிதித்துக்கொண்டே இருந்தால் ஏர் டேங்கில் காற்றழுத்தம் இறங்கும். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்கி, இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி விட வேண்டும். டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விடுபவரை வேலைக்கு வைக்காதே. மேலே ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவது முறை.

வழியையும் நீயே முடிவு செய். மசினகுடிப் பக்கம் குறுக்குவழி என்று போனில் மேப் காட்டும். அது 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டிப் பாதை. வெளியூர் வண்டிகள் அதில் இறங்க அனுமதியில்லை. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணிக்கு மூடி காலை 6 மணிக்குத்தான் திறக்கும். மைசூரில் ஷாப்பிங் நீண்டுபோய், கேட் மூடுவதற்குள் பிடித்துவிட வேண்டுமென்று விரட்டும் நிலை டிரைவருக்கு வரக்கூடாது. நேரமாகிவிட்டால் மைசூரிலேயே தங்கல் என்று முன்கூட்டியே எழுதி வை.

7. சிலிண்டர், அடுப்பு, பட்டாசு எதுவும் வண்டியில் ஏறக்கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையத்தில், வட இந்தியாவிலிருந்து வந்த யாத்திரைக் குழு வாடகைக்கு எடுத்திருந்த ரயில் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தார்கள். விதியை மீறிக் கொண்டுவந்த சமையல் எரிவாயு சிலிண்டர் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. யாத்திரைக் குழுக்கள் சமையல் சாமானோடுதான் வரும், கோபித்தும் கொள்ளும். சமையலுக்குத் தனி வண்டி வைக்கட்டும், இல்லையென்றால் போகிற ஊரில் மெஸ் பேசிக் கொடு. பாட்டுப் பெட்டிக்கும் கலர் விளக்குக்கும் கண்ட இடத்தில் வயரை வெட்டி ஒட்டுவதும் தீக்கு வழிதான்.

8. கிளம்பும் முன் இரண்டு நிமிடம் பேசு. 2013 அக்டோபர் 30 அன்று மகபூப்நகர் அருகே பாலெமில் ஒரு சொகுசுப் பேருந்து கல்வெர்ட்டில் மோதித் தீப்பிடித்ததில் 45 பேர் இறந்தார்கள். தீ பரவும் வேகத்தில் வழி தேட நேரமிருக்காது. அவசர வழி எது, கண்ணாடியை உடைக்கும் சுத்தியல் எங்கே, தீயணைப்பான் எங்கே என்று எல்லோரும் உட்கார்ந்தபின் கையால் காட்டிச் சொல். அவசர வழியை மறித்து இருக்கை போடாதே, மூட்டை அடுக்காதே.

9. பண விஷயத்தை மிச்சம் வைக்காமல் எழுது. கிலோமீட்டர் ஷெட்டிலிருந்து ஷெட்டுக்கா, ஒருநாளுக்குக் குறைந்தபட்சம் எத்தனை, டோல், பார்க்கிங், வெளிமாநில வரி யார் பொறுப்பு, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், வண்டி பழுதானால் மாற்று வண்டி எத்தனை நேரத்தில் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். இதுவும் பாதுகாப்புதான். நாள் கணக்கு தெளிவாக இல்லாத சவாரியில், இன்னொரு நாள் வாடகை ஏறிவிடுமே என்று வாடிக்கையாளர் டிரைவரை விரட்டுவார். மழையில் மலைப்பாதையை மூடினால் வேறு தேதியோ பணமோ தருவேன் என்று நீ எழுதிக் கொடுத்திருந்தால், போய்த்தான் ஆக வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்கமாட்டார்கள்.

10. நிறுத்தும் உரிமையை டிரைவரிடம் கொடு. தூக்கம் வருகிறது, பனி மறைக்கிறது, பிரேக்கில் சந்தேகம் என்று அவர் ஓரங்கட்டினால் அதுவே முடிவு. போன் செய்து “ஏன் லேட்டு?” என்று நீ அதட்டினால், அடுத்த முறை அவர் நிறுத்தமாட்டார். குடித்துவிட்டு வந்தவருக்கு மட்டும் இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

இவற்றில் வாடிக்கையாளர் தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் ஒரே தாளில், பெரிய எழுத்தில், தமிழில் அச்சடித்து அட்வான்ஸ் ரசீதோடு கொடு. சிலர் படித்துவிட்டு வேறு ஆபீஸுக்குப் போவார்கள். போகட்டும். படித்துக் கையெழுத்துப் போடுகிறவருக்கு மட்டும் வண்டியை விடு.