படத்தைக் கொடுக்கத் திரும்பிப் போ

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. தெருவில் ஒருவரைப் படமெடுக்கும் முன் அனுமதி கேட்பதா, எடுத்த பிறகு சொல்வதா என்பது ஒன்று. எந்த லென்ஸ் வாங்கலாம் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருப்பதால் சேர்த்தே எழுதுகிறேன். உன்னைப் போல் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு சென்னைத் தெருக்களில் இறங்கும் பிள்ளைகள் இன்று நிறையப் பேர். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

முதலில் லென்ஸ். 200 எம்.எம். லென்ஸ் இருந்தால் சாலைக்கு எதிர்ப்புறம் நின்றபடியே ஒருவர் முகத்தை எடுத்துவிடலாம். எடுத்தது அவருக்குத் தெரியவே தெரியாது. 35 எம்.எம். லென்ஸில் அதே முகம் வேண்டுமென்றால் கை நீட்டினால் தொடும் தூரத்துக்குப் போயாக வேண்டும். அவர் உன்னைப் பார்ப்பார். யார் நீ என்று கேட்பார். பிடிக்கவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்படித் திருப்பிக்கொள்ளும் உரிமையை அவருக்கு விட்டுவைக்கிற லென்ஸையே வாங்கு.

இனி அனுமதி. கேட்டால் கலைந்துவிடும் கணங்கள் உண்டு. பேருந்து நிறுத்தத்தில் தோழியின் காதில் ஏதோ சொல்லிச் சிரிக்கும் பெண்ணிடம் போய், “அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டால், அதற்குப் பிறகு கிடைப்பது வேறு சிரிப்பு. அந்த மாதிரி நேரத்தில் எடு. எடுத்த கையோடு அவரிடம் போ. திரையைக் காட்டு, உன் பெயரைச் சொல். “வேண்டாம்ப்பா” என்றால் அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடு. எவ்வளவு நல்ல படமானாலும் சரி.

ஆனால் சில இடங்களில் கேட்காமல் கேமராவைத் தூக்கவே கூடாது. பிராட்வே பக்கம் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே குடித்தனம் நடத்தும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் சமைப்பதும் குளிப்பதும் உறங்குவதும் எல்லோர் கண்ணிலும் படுகிறது. சுவர் எழுப்ப வழியில்லாததால் படுகிறது, அவ்வளவுதான். அந்த அடுப்புக்கு முன்னால் நிற்கும்போது நீ ஒருவர் வீட்டுக்குள் நிற்கிறாய். வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தானே ஒரு வீட்டுக்குள் நுழைவாய்? அதையே இங்கும் செய். உறங்குகிறவரிடம் கேட்க முடியாது, அதனால் எடுக்காதே. மருத்துவமனை வாசலில் அழுதுகொண்டிருப்பவரிடம் கேட்க மனம் வராது, அதனாலும் எடுக்காதே.

இப்படி ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விதி சொல்லிக்கொண்டே போகலாம். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: படம் எடுத்த இடத்துக்கு நீ திரும்பிப் போவாயா? அடுத்த வாரம் அச்சிட்ட படத்தோடு அதே தெருவில், அதே மனிதர் முன்னால் போய் நிற்கப்போகிறவன், அவர் முகத்தில் அறைகிற மாதிரி ஒரு படத்தை எடுக்க மாட்டான். திரும்பிப் போகப்போவதில்லை என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டவனுக்குத்தான் எல்லாத் துணிச்சலும் வருகிறது. முன்னால் கேட்டாயா பின்னால் கேட்டாயா என்பதைவிட, நீ எடுத்த படத்துக்கு அந்த மனிதரிடமே பதில் சொல்லத் தயாரா என்பதுதான் முக்கியம்.

காசிமேட்டுக்குப் போகப்போவதாக எழுதியிருந்தாய். எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே போய் மீன் ஏலத்தைப் படமெடுக்கிறார்கள். நீயும் போ, அது பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் அந்த நேரத்தில் உன்னிடம் பேச அங்கே ஒருவருக்கும் நேரம் இருக்காது. ஐஸ் பெட்டி இழுப்பவருக்கும் கூடை சுமக்கும் அம்மாவுக்கும் நீ வழியை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள். ஓரமாக நின்று அவர்கள் வேலை செய்வதை எடு. வேலையை நிறுத்தச் சொல்லாதே, திரும்பிப் பார்க்கச் சொல்லாதே.

மனிதர்களைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை போ. அந்த 61 நாளும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகுக்கு வண்ணம் பூசுவார்கள், இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பார்கள், நிழலில் உட்கார்ந்து வலையைச் சீர் செய்வார்கள். கையில் வேலை இருக்கும், வாய்க்குப் பேச நேரம் இருக்கும். வருமானம் இல்லாத மாதங்கள் என்பதால் மனத்தில் பாரமும் இருக்கும். அதைக் கேட்க உனக்குப் பொறுமை வேண்டும். முதல் நாள் கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு வா. அங்கே நான் எடுத்தவற்றில் நிற்கும் படங்கள் எல்லாம் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் போனபோது கிடைத்தவை.

“எதுக்குப்பா எடுக்கிற? எந்த சேனல்?” வட சென்னையில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இந்தக் கேள்வி வரும். அதைக் கேட்டு முகம் சுளிக்காதே. கேட்கிறவர்களுக்குக் காரணம் இருக்கிறது. சினிமாவில் தங்கள் தெரு கத்தியும் ரத்தமுமாக மட்டுமே வந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். வெள்ளம் வந்தால் மட்டும் கேமராக்கள் வருவதைப் பார்த்தவர்கள். கூவம், அடையாற்றுக் கரையோரங்களில் இந்தக் கேள்விக்கு இன்னும் ஆழமான வேர் உண்டு. அங்கே யாராவது வந்து வீடுகளைக் கணக்கெடுத்துப் படம் பிடித்துப் போனால், அடுத்துக் காலி செய்யச் சொல்வார்கள் என்பது அனுபவம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அப்படிப் பல குடும்பங்கள் பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளுக்குப் போயின. வேலையும் பள்ளிக்கூடமும் இங்கே, வீடு அங்கே. அப்படிப்பட்ட தெருவில் உன் கையில் இருக்கும் கருவியை ஒரு நோட்டீஸாகத்தான் முதலில் பார்ப்பார்கள்.

ஆகவே மூன்று விஷயங்களைக் கேட்கும் முன்பே சொல்லிவிடு: நீ யார், எதற்காக எடுக்கிறாய், படம் எங்கே வரும். தெரியாததைத் தெரியாது என்றே சொல். “சும்மாதான் அண்ணா” என்று சொல்லிச் சமாளிக்காதே. சும்மா எடுத்த படம் நாளை கண்காட்சியில் தொங்கினால் நீ சொன்னது பொய்யாகிவிடும். இடம்பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் வாழும் கண்ணகி நகரில் 2020இல் பெரிய சுவரோவியங்கள் வரையப்பட்ட பிறகு படமெடுக்க வருகிறவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். ஓவியத்தைப் பார்த்து நிமிர்ந்தே நடக்காதே. அந்தச் சுவருக்குப் பின்னால் குடியிருப்பவரிடமும் நின்று இரண்டு வார்த்தை பேசு.

மறுப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மறுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங்கின் வாழ்க்கையில் ஒரு சான்று உண்டு. 1989இல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்காக தில்லியில் ஹிஜ்ரா சமூகத்தைப் படமெடுக்கப் போனவர், மோனா அகமதுவைச் சந்தித்தார். படங்கள் லண்டனில் வெளிவரும் என்று தெரிந்ததும், அங்கே தனக்கு உறவினர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி மோனா ஃபிலிமைத் திருப்பிக் கேட்டார். தயாநிதா கொடுத்துவிட்டார். கையில் இருந்த வேலை போயிற்று. அந்த இடத்தில்தான் அவர்களுடைய நட்பு தொடங்கியது. 2001இல் ‘மைசெல்ஃப் மோனா அகமது’ என்று ஒரு புத்தகம் வந்தது. படங்கள் தயாநிதாவுடையவை, கதையைச் சொல்வது மோனா, பதிப்பாளருக்குத் தான் அனுப்பிய மின்னஞ்சல்கள் வழியாக. அந்த ஃபிலிமை அன்று கொடுக்க மறுத்திருந்தால் அந்தப் புத்தகம் இல்லை. உன்னிடம் ஒருவர் “அழிச்சிடு” என்று சொல்லும்போது இதை நினைத்துக்கொள்.

பெயரைக் கேட்காமல் போவதால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று சொல்கிறேன். டோரத்தியா லாங் 1936இல் கலிஃபோர்னியாவின் நிபோமோ என்ற இடத்தில், பட்டாணி பறிக்க வந்த கூலித் தொழிலாளர் முகாமில் எடுத்த தாயின் படத்தை நீ பார்த்திருப்பாய். உலகம் முழுவதும் சுற்றிய படம். அந்தப் பெண்ணின் பெயரைத் தான் கேட்கவில்லை என்று லாங்கே பின்னாளில் எழுதினார். ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்ற அந்தப் பெயர் வெளியே தெரிந்தது 1978இல், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்ற மனக்குறை அந்தத் தாய்க்கு இருந்தது. லாங் கெட்ட எண்ணத்தோடு எடுத்தவர் இல்லை. அந்த மக்களுக்கு உதவி கிடைக்க வேண்டும் என்றுதான் எடுத்தார். நல்ல எண்ணம் இருந்தும் பெயர் விடுபட்டுப்போயிற்று.

ஆகவே சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள். பெயர், தொழில், தெரு, தேதி, அவர் சொன்ன ஒரு வாக்கியம். அன்றிரவே எழுதிவிடு. “வட சென்னையில் ஒரு மூதாட்டி” என்று படத்துக்குக் கீழே எழுதாதே. அவருக்குப் பெயர் இருக்கிறது, நாற்பது வருடமாக ஒரே இடத்தில் கடை போட்ட வரலாறு இருக்கிறது. அதேசமயம் பெயரை வெளியிடுவது அவருக்குத் தீங்கு செய்யுமானால் நோட்டிலேயே இருக்கட்டும். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் எடுக்காதே. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் படம், பெயர், பள்ளி, முகவரி என்று அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடுவதை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 23ஆம் பிரிவில் தடை செய்கிறது.

உன் கறுப்பு வெள்ளைப் படங்களில் முதியவர்கள் நிறைய இருக்கிறார்கள். முகச் சுருக்கம், கலங்கிய கண், பின்னால் இருட்டு. போட்டிகளில் பரிசு வாங்கும் படங்கள்தான் இவை. ஆனால் அவர்களில் ஒரு ஆயாவிடம், “உங்களுக்கு எப்படிப் படம் வேண்டும்?” என்று கேட்டுப் பார்த்தாயா? நான் கேட்டிருக்கிறேன். “இரு, நல்ல புடவை கட்டிக்கினு வரேன்” என்பார்கள். பேரனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார்கள். தலையை வாரி, பொட்டு வைத்து, நேராக நின்று, கேமராவை நேருக்கு நேர் பார்ப்பார்கள். அந்தப் படத்தையும் எடு. உனக்கு வேண்டிய படத்துக்குக் கொடுக்கும் அதே கவனத்தோடு, நல்ல வெளிச்சத்தில் நிறுத்தி எடு. ஒருவர் தன்னை எப்படிப் பார்க்க விரும்புகிறார் என்பது அவரைப் பற்றிய முக்கியமான செய்தி. நம்மில் பலர் அதைப் பதிவு செய்வதே இல்லை.

அந்தப் படத்தை அச்சிட்டுக் கொடுப்பது ஏன் அவசியம் என்று சொல்கிறேன். தெருமுனைகளில் கட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி பேனர்களை நின்று பார். பல பேனர்களில் முகம் மங்கிப்போய், புள்ளி புள்ளியாகத் தெரியும். வாக்காளர் அட்டையிலோ ஆதாரிலோ இருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருப்பார்கள், வீட்டில் வேறு படம் இல்லாததால். மார்க்கெட்டில் மூட்டை சுமந்த ஒருவரை நான் எடுத்துக் கொடுத்த படத்தை அவர் மகன் ஒருநாள் போனில் கேட்டார். அப்பா தவறிவிட்டார், பேனருக்குப் பெரிதாக வேண்டும் என்றார். உடனே அனுப்பினேன். நான் எடுத்த படங்களில் அதைவிடப் பயன்பட்ட படம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்று நினைக்காதே. போன் உடையும், மாறும், தொலையும். அச்சிட்ட படம் அரிசி டப்பாவுக்குப் பின்னாலாவது பத்திரமாக இருக்கும்.

பணம் கேட்டால் என்ன செய்வது? நிற்பதற்குக் காசு கொடுக்காதே. கொடுத்தால் அடுத்த படத்தில் அவர் உனக்காக நடிக்கத் தொடங்குவார். சேர்ந்து டீ குடி, அவர் கடையில் பூவோ மீனோ வாங்கு. ஆனால் அந்தப் படம் பின்னால் உனக்குப் பணம் கொண்டுவந்தால் அதில் அவருக்கும் பங்கு உண்டு. தேடிப் போய்க் கொடு.

முடிந்தால் எம். பழனிக்குமாரின் படங்களைத் தேடிப் பார். மதுரைப் பக்கத்துக்காரர், மீன் விற்கும் தாய்க்குப் பிறந்தவர். 2017இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். மலக்குழியில் இறந்த தொழிலாளர்களின் குடும்பங்களைத் தொடர்ந்து படமெடுத்து வருகிறார். தன் தாயையும் அதே அக்கறையோடு எடுத்திருக்கிறார். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்றும் தருகிறார். படத்தைத் திருப்பிக் கொடுப்பதில் ஆகப் பெரியது இதுதான் என்று நான் நம்புகிறேன். ஒரு தெருவின் பிள்ளைகளே தங்கள் தெருவை எடுக்கத் தொடங்கினால், நம்மைப் போல் வெளியிலிருந்து போகிறவர்கள் எதைப் பார்க்கத் தவறினோம் என்பது தெரிந்துவிடும்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். இந்த ஊரில் ஒரே ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்துக்கொள். ஒரு வருடம் அங்கேயே போ. மழையிலும் போ, பண்டிகைக்கும் போ, சாவுக்கும் போ. சாவு வீட்டில் கேமராவை எடுக்காதே. எடுத்த ஒவ்வொருவருக்கும் படத்தைக் கொடு. வருடம் முடிந்ததும் என் வீட்டுக்கு வா. உன் சிறந்த 20 படங்களை அன்றைக்குக் காட்ட வேண்டாம். நோட்டைக் கொண்டுவா. யார் யாருக்குப் படம் போய்ச் சேர்ந்தது, யார் வேண்டாம் என்றார்கள், யாரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாய் என்று முதலில் பேசுவோம். அதற்குப் பிறகு படங்களைப் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்