விழுந்துவிடுவோம் என்று உட்கார்ந்தே இருக்கலாமா?

"உம்மா, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், உட்காருங்க" என்று நம் வீடுகளில் அன்பாகச் சொல்கிறோம். பெரியவர்கள் விழுந்துவிடக் கூடாது என்ற பயம்தான் காரணம். ஆனால் உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை மெலியும், நடை தள்ளாடும், விழும் ஆபத்து கூடும். ஆகவே, பாதுகாப்பாக எப்படி நடமாடுவது என்பதை நாம் தெரிந்துகொள்வோம்.

எவ்வளவு தேவை?

65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. வாரம் 3 நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சியும் வேண்டும். தினம் 30 நிமிடம் வீதம் 5 நாள் நடந்தாலே 150 ஆகிவிடும். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தும் நடக்கலாம். பழக்கமில்லாதவர்கள் 5 நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டட்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சு மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

வீட்டிலேயே மூன்று பயிற்சிகள்

1. சுவரை ஒட்டிப் போட்ட உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, மெதுவாக எழுவது: 5 முதல் 10 தடவை. தரையில் உட்கார்ந்து எழச் சிரமப்பட்டு நாற்காலியில் தொழுபவர்களும் இதைச் செய்யலாம்.
2. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இரு குதிகால்களையும் தூக்கி இறக்குவது: 10 தடவை.
3. மேடையைப் பிடித்தபடியே ஒற்றைக் காலில் 10 வினாடி நிற்பது. பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

எதிலும் மூச்சை அடக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

இதய நோய் உள்ளவர்களும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், பஜ்ர் முடிந்து வெறும் வயிற்றில் நடக்கலாமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். சட்டைப்பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே உட்கார்ந்து மூன்று டீஸ்பூன் சர்க்கரை சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள்.

இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது. ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்த பிறகே எழ வேண்டும்.

தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம். காலைப் பிடிக்கும் செருப்பு அல்லது ஷூ நல்லது. சர்க்கரை நோயாளிகள் திரும்பி வந்ததும் உள்ளங்காலில் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நெஞ்சு வலி, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, கடும் மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு 108ஐ அழைக்க வேண்டும். வாயுத் தொல்லை என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது.

பிள்ளைகளின் பங்கு

வாரத்தில் சில நாட்களாவது வாப்பாவோடும் உம்மாவோடும் சேர்ந்து நடப்போம். ஒளுச் செய்யும் இடத்திலும் குளியலறையிலும் ஈரத்தைத் துடைத்து, சுவரில் ஒரு கைப்பிடி பொருத்துவோம். இந்த வாரமே தொடங்கலாம்.