முதுமையைத் தாங்கும் கரங்கள்

கேரளத்தின் நெய்யாற்றின்கரைப் பகுதியும் தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டமும் சந்திக்கும் எல்லைச் சிற்றூர் பனச்சமூடு. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது, விளவங்கோடு உள்ளிட்ட நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நிலைபெற்றது. அன்று வகுக்கப்பட்ட எல்லை நிலத்தைப் பிரித்ததேயன்றி உறவைப் பிரிக்கவில்லை. பிறந்த வீடு ஒரு மாநிலத்திலும் புகுந்த வீடு மறு மாநிலத்திலும் அமைவது இப்பகுதிப் பெண்களுக்குப் புதிதன்று.

அத்தகைய ஓர் இல்லத்தை எண்ணிப் பார்க்கலாம். எண்பது வயதைக் கடந்த மாமியார் படுக்கையில் இருக்கிறார். மூத்த மகன் விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டச் சென்றுவிடுகிறார். இளையவர் வளைகுடா நாட்டில் இருக்கிறார். மூதாட்டியைத் தூக்கி அமர்த்துவது, உடல் துடைப்பது, உணவூட்டுவது, மருந்து கொடுப்பது எல்லாம் மருமகள் ஒருவரே. ஓர் இரவில் நான்காம் முறையாக “மக்களே” என்ற அழைப்பு கேட்கிறது. அடக்கியும் அடங்காமல் அவர் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வந்துவிடுகிறது. அதன்பின் மூதாட்டி அழைக்கவில்லை. தாகத்தோடு விடியும்வரை விழித்துக் கிடக்கிறார். காலையில் மருமகளோ, தம் அன்பு பொய்யாகிவிட்டதே எனத் தம்மையே நொந்துகொள்கிறார்.

அவருடைய அன்பு பொய்யன்று. குறைந்துபோனது உறக்கம், தளர்ந்துபோனது உடல். ஒருவர் மட்டுமே சுமக்கும் பணிவிடை, எத்துணைத் தூய மனத்தோடு தொடங்கினாலும், நாளடைவில் சுமப்பவரையும் வருத்தும், சுமக்கப்படுபவரையும் வருத்தும். ஆகவே பணிவிடையைப் பகிர்ந்துகொள்வது கடமையிலிருந்து நழுவுவதாகாது. கடமையை இறுதிவரை நிறைவேற்றும் வழி அதுவே.

அண்டை வீட்டாரும் உறவே

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அறுபது வயதைக் கடந்தோர் இந்தியாவில் நூற்றுக்கு 8.6 பேர், தமிழகத்தில் 10.4 பேர், கேரளத்தில் 12.6 பேர். முதியோர் பெருகி, பிள்ளைகள் தொலைதூரம் செல்லும் சமுதாயம் செய்யக்கூடியது என்ன என்பதைக் கேரளமே காட்டியது. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால், மருத்துவர் சுரேஷ்குமார் முதலியோர் வலிநிவாரணப் பணியைத் தொடங்கினர். நெடுநாள் நோயாளியின் துன்பத்தை மருத்துவமனை மட்டும் தீர்க்க இயலாது என்பதை அனுபவம் உணர்த்தியது. அதன் விளைவாக, அண்டை அயலாருக்கே பயிற்சி தந்து, வாரத்தில் சில மணி நேரத்தை நோயாளிகளின் இல்லங்களில் செலவிடச் செய்யும் முறை உருவாயிற்று. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் செவிலியர் வீடு தேடி வரும் ஏற்பாடு அதன்பின் பரவியது.

தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றிற்கான மருந்துகளோடு, இயன்முறைச் சிகிச்சையையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பையும் இல்லத்திற்கே கொண்டுசெல்வது அதன் நோக்கம். எல்லையின் எப்பக்கம் வாழ்ந்தாலும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிப்பதே முதற்படி. உதவி கேட்பதில் நாணம் வேண்டுவதில்லை.

அன்றாடக் கவனங்கள்

அன்போடு அறிவும் சேர்ந்தால்தான் பணிவிடை பயன் தரும். எல்லைப்புற ஊர்களில் முதியவர் இரு மாநில மருத்துவர்களிடமும் செல்லக்கூடும். ஒரே மருந்து இரு வேறு வணிகப் பெயர்களில் வந்து இருமடங்காக உட்கொள்ளப்படும் அபாயம் இதனால் உண்டு. எல்லா மருந்துகளையும் ஒரே குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொரு மருத்துவரிடமும் அதைக் காட்ட வேண்டும்.

படுக்கையிலிருந்து சட்டென எழும்போது இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றலாம். கட்டிலின் விளிம்பில் ஓரிரு நிமிடம் அமர்ந்தபின் எழச் செய்வது நன்று. இரவில் சிறு விளக்கும், குளியலறையில் கைப்பிடியும், வழுக்காத தரையும் விழுதலைத் தடுக்கும். எழ இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தோன்றும் சிவப்பு மறையாதிருந்தால், அது படுக்கைப்புண்ணின் தொடக்கமாகலாம். உடனே செவிலியரிடம் காட்ட வேண்டும்.

முதுமையில் தாக உணர்வு குறைவதால், கேட்கும்வரை காத்திராமல் நீர் அருந்தத் தரவேண்டும். இதயம், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவே அளவு. வெறும் கஞ்சி போதாது. பயறும் பாலும் சேர வேண்டும். ஊட்டும்போது நிமிர்ந்து அமரச் செய்வது புரையேறுவதைத் தடுக்கும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரெனப் பிதற்றினால், ‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடலாகாது. நோய்த்தொற்று, நீர்க்குறைவு, மருந்தின் விளைவு ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவரை நாட வேண்டும்.

இயன்றதைச் செய்யவிடுதல்

எல்லாவற்றையும் தாமே செய்துவிடுவதுதான் அன்பு எனப் பலர் கருதுகின்றனர். தாமாகவே உண்ண இயலும் முதியவருக்கு அவசரத்தினால் ஊட்டிவிடும்போது, நேரம் மிச்சமாகிறது. ஆனால் அவர் கை தன் பழக்கத்தை இழக்கிறது. பயறு பொறுக்குதல், துணி மடித்தல், பேரக்குழந்தைக்குக் கதை சொல்லுதல் போன்ற சிறு பணிகள், இன்னும் தாம் இக்குடும்பத்திற்கு வேண்டியவர் என்னும் உணர்வைக் காக்கின்றன. எந்த ஆடை, எப்போது குளியல் என்பதையும் அவரிடமே கேட்பது, படுக்கையில் இருப்பவருக்கும் மனிதர் என்னும் மதிப்பை அளிப்பதாகும்.

பராமரிப்பவரின் நலம்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. கைவிட்ட பிள்ளைகளைப் பராமரிப்புத் தொகை தரச் செய்ய அதனால் இயலும். இரவில் விழித்திருக்கும் பொறுமையைத் தர இயலாது. அப்பொறுமை, போதிய உறக்கமும் நேரத்துக்கு உணவும் ஆறுதலாகப் பேச ஒருவரும் இருந்தால்தான் வற்றாதிருக்கும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் மகன், அப்பணத்தால் இரவில் ஓர் உதவியாளரை அமர்த்தலாம். நாள்தோறும் தாயுடன் தொலைபேசியில் பேசலாம். எல்லைக்கு அப்பால் வாழும் மகள் வாரத்தில் இரு இரவுகள் வந்து தங்கலாம்.

அந்த இல்லத்தில் குடும்பத்தார் ஒருநாள் கூடி அமர்ந்து இவ்வாறு முறை வகுத்துக்கொண்டால், மருமகளுக்கு உறக்கம் கிட்டும். நள்ளிரவில் நாவறண்ட மூதாட்டியும் அஞ்சாமல் “மக்களே” என்று அழைக்கலாம்.