நேரமல்லாத நேரத்தில் பள்ளிவாசலில் இருந்த ஸஹாபி

மதீனாவின் பள்ளிவாசலில் ஒரு நாள் நடந்த சம்பவம் இது. அது ஜமாஅத்துடைய நேரமல்ல. உள்ளே வந்த கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள், அபூ உமாமா என்ற அன்ஸாரித் தோழர் தனியே உட்கார்ந்திருப்பதைக் கண்டார்கள். தொழுகை நேரமல்லாத வேளையில் இங்கே இருக்கக் காரணம் என்ன என்று விசாரித்தார்கள். தம்மை விடாமல் பற்றிக்கொண்ட கவலைகளும் கடன்களும்தாம் காரணம் என்றார் அவர். நாயகம் (ஸல்) அவர்கள் அவருக்கு ஒரு துஆவைக் கற்றுக்கொடுத்து, காலையிலும் மாலையிலும் ஓதி வரும்படிச் சொன்னார்கள். அவ்வாறே ஓதியதாகவும், அல்லாஹு தஆலா தம் கவலையை நீக்கிக் கடனையும் தீர்த்து வைத்ததாகவும் அவரே பின்னர் கூறினார். இதை அபூ ஸயீதுல் குத்ரீ (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதில் காணலாம்.

இந்தச் சம்பவத்தின் அறிவிப்பாளர் தொடரில் பலகீனம் உண்டென்று ஹதீஸ் கலை வல்லுநர் சிலர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் துஆவில் சந்தேகமில்லை. அது ஸஹீஹுல் புகாரியில் அனஸ் (ரலி) அவர்கள் வழியாக வந்திருக்கிறது. ஹிஜ்ரி 7ல் கைபருக்குப் போன பயணத்தில் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி), வழியில் தங்கும்போதெல்லாம் அவர்கள் இந்த துஆவை அதிகம் ஓதக் கேட்டிருக்கிறார்கள். படையை நடத்திச் செல்கிறவர்களும் ஓதினார்கள். கடனால் முடங்கிப்போனவரும் ஓதினார். அப்படியானால் இது ஏழைக்கென்று மட்டும் எழுதிவைத்த மருந்தல்ல.

இதில் எட்டு விஷயங்களிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுகிறோம். எட்டும் இரண்டிரண்டாகச் சேர்ந்து வருகின்றன. ஹிஜ்ரி 751ல் வஃபாத்தான இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் இந்த ஜோடிகளை அழகாக விளக்கியுள்ளார்கள். ‘ஹம்மு’ என்பது இனி வரப்போவதை எண்ணி வரும் கவலை. ‘ஹஸன்’ என்பது நடந்து முடிந்ததை எண்ணி வரும் துக்கம். ‘அஜ்ஸு’ என்றால் சக்தியில்லாத நிலை. ‘கஸல்’ என்றால் சக்தியிருந்தும் மனமில்லாத சோம்பல். ‘ஜுப்ன்’ உடலால் உதவ முன்வராத கோழைத்தனம்; ‘புக்ல்’ பொருளால் உதவ முன்வராத கஞ்சத்தனம். கடைசி ஜோடி, கடனின் சுமையும் மனிதர்களின் அடக்குமுறையும். முன்னது நியாயமான ஹக்கைக் கொண்டு நம்மை அழுத்துவது, பின்னது அநியாயமாக அழுத்துவது.

கவலையையும் சோம்பலையும் ஒரே மூச்சில் சேர்த்ததைக் கவனியுங்கள். “துஆவை ஓதிவிட்டு உட்கார்ந்திருந்தால் போதுமா?” என்று கேட்பவருக்கு இந்த துஆவே பதில் சொல்கிறது. சோம்பலை விட்டும் காப்பாற்று என்று ஸுப்ஹுக்குப் பின் கையேந்தியவர், பொழுது ஏறும்வரை படுத்துறங்கினால் தாம் கேட்டது என்னவென்றே அறியாதவராவார். சக்தியுள்ள முஃமின் சக்தியற்றவரைவிட அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானவர் என்றும், பயன் தருவதில் ஆசை வைத்து அல்லாஹ்விடம் உதவி தேட வேண்டும், இயலாமையில் விழுந்துவிடக் கூடாது என்றும் அபூ ஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. ‘அன்றைக்கு அப்படிச் செய்திருந்தால்’ என்று பேசுவது ஷைத்தானுக்கு வாசல் திறப்பது என்றும் அதிலேயே எச்சரிக்கை வருகிறது. நம் வீடுகளில் இரவு விளக்கணைத்த பிறகு நடக்கும் பேச்சில் பாதி இந்த ‘இருந்தால்’ தானே!

கடன் விஷயத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகைக்குள்ளேயே கடனைவிட்டுப் பாதுகாப்புத் தேடுவதைக் கண்டு, இவ்வளவு அதிகமாக ஏன் கேட்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மீறுகிறான் என்று காரணம் சொன்னார்கள். ஆயிஷா (ரலி) அவர்களின் இந்த அறிவிப்பும் புகாரியில் உண்டு. கடன்காரர் கதவைத் தட்டினால், “அத்தா வீட்டில் இல்லை” என்று சொல்லும்படிப் பிள்ளையை அனுப்புகிறோமே, அங்கே பணத்தோடு பிள்ளையின் நாவும் போய்விடுகிறது. நேரில் போய், “இந்த மாதம் இவ்வளவுதான் முடியும், தவணை கொடுங்கள்” என்று கேட்பதற்குத் துணிச்சல் வேண்டும். துஆவில் கோழைத்தனமும் சேர்ந்திருப்பது இதற்கும்தான் என்பது என் எண்ணம். ஊர் என்ன பேசுமோ என்று பயந்து வட்டிக்கு வாங்கிக் கல்யாண விருந்து வைப்பதும் அதே கோழைத்தனத்தின் இன்னொரு முகமே.

கொடுத்தவர்களுக்கும் பங்குண்டு. கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படியும், தர்மமாக விட்டுவிடுவது அதைவிட நல்லதென்றும் அல்பகரா அத்தியாயத்தின் 280வது வசனம் கூறுகிறது. அதே அத்தியாயத்தின் 282வது வசனம் கடனை எழுதிக்கொள்ளும் முறையைப் பற்றியது. திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அதுதான். ஆகவே இன்றே ஒரு தாளை எடுத்து, யாருக்கு எவ்வளவு, எப்போது என்று வீட்டுக்காரரும் வீட்டாரும் சேர்ந்து எழுதுங்கள். மனத்துக்குள் உருவமில்லாமல் மிரட்டுகிற பாரம், தாளில் இறங்கினால் எண்ணிப் பார்க்கக்கூடிய தொகையாகிவிடும். கடன் தீரத் தகடு எழுதித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் போய் அந்தத் தாளில் இன்னொரு வரியைக் கூட்டிக்கொள்ளாதீர்கள்.

துஆவின் அரபு வாசகத்தை உங்கள் பள்ளி இமாமிடம் காதால் கேட்டுப் பாடமாக்குவதே நல்லது. தமிழெழுத்தில் அதன் உச்சரிப்பு சரியாக அமையாது. பாடமாகும்வரை, தொழுகைக்கு வெளியே, இந்த எட்டையும் தமிழிலேயே சொல்லிக் கேட்கலாம். ஸுப்ஹுக்குப் பின்னும் அஸருக்குப் பின்னும் ஓதுவது காலை மாலைக்குப் பொருத்தமானது. மறந்தவர் மஃரிபுக்குப் பின் ஓதிக்கொள்ளட்டும். மாதவிடாய் நாட்களில் பெண்கள் இதை விட்டுவிட வேண்டியதில்லை. துஆவுக்கும் திக்ருக்கும் அந்நாட்களில் தடையில்லை.