பேசுபவர் யார், கேட்பவர் யார்?



சிறுகதையோ நாவலோ எழுதத் தொடங்கும் ஓர் ஆண் தன் கதையில் ஒரு பெண்ணைப் பேசவைக்க முற்படும்போதும், ஒரு பெண் ஓர் ஆணைப் பேசவைக்க முற்படும்போதும் எழும் தயக்கம் இயல்பானதே என்றாலும், அதற்கு மருந்தாக வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை பெரிதாகப் பயன் தருவதில்லை. ‘பெண் மனத்தைப் புரிந்துகொண்டு எழுத வேண்டும்’ என்பது அந்த அறிவுரை. பெண் மனம் என்று பொதுவான ஒன்று இருப்பதாக நம்பி அதைத் தேடிப் போகிறவர், தியாகம் செய்யும் தாயையோ மயக்கும் அழகியையோ அன்றி வேறெவரையும் கண்டு திரும்புவதில்லை. ஆண் மனத்தைத் தேடிப் போகிறவருக்கும் கை ஓங்கும் கணவனோ குறையே இல்லாத காதலனோதான் அகப்படுகிறார்கள். தமிழ் இலக்கண மரபு இவ்விடத்தில் மனத்தை விட்டுவிட்டுப் பேச்சிலிருந்து தொடங்குகிறது.

தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் உள்ள செய்யுளியல், ஒரு செய்யுளுக்கு 34 உறுப்புகளை வகுக்கிறது. அவற்றுள் கதை எழுதுபவருக்கு உதவக்கூடியவை கூற்று, கேட்போர், களன், முன்னம் ஆகியவை. கூற்று என்பது பாட்டில் பேசுகிறவர் யார் என்பதையும், கேட்போர் என்பது அப்பேச்சு யாரை நோக்கியது என்பதையும், களன் என்பது அது நிகழும் இடத்தையும் குறிக்கும். முன்னம் இவற்றினும் நுட்பமானது. இந்த இடத்தில், இந்தச் சொல்லை, இன்னார் இன்னாரிடம் சொல்வது பொருந்தும் என்பதைப் படிப்பவர் பாட்டைக் கொண்டே உய்த்துணரும்படி அமைவது அது. கதாபாத்திரத்தின் நம்பகத்தன்மை என்று இன்று சொல்லப்படுவது ஏறக்குறைய இதுவே.

சங்கப் புலவர் கபிலர் ஆண். ஆயினும் குறுந்தொகையின் 25ஆம் பாடலில் அவர் தலைவியாகப் பேசுகிறார்: தலைவன் தன்னோடு கூடிய நாளில் வேறு சாட்சி எவரும் இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற ஒரு குருகு மட்டுமே அங்கு இருந்தது, அவன் பொய் சொன்னால் என்ன செய்வது என்பதே அவள் கவலை. ‘பெண்ணின் உள்ளம் மென்மையானது’ போன்ற ஒரு பொதுச்சொல்கூட இதில் இல்லை. வாக்கு மாறினால் இழப்பு யாருக்கு என்ற கணக்கு இருக்கிறது. மீனிலேயே கண்ணாயிருந்த ஒரு பறவையைத் தவிர வேறு சாட்சி இல்லாதவளின் அச்சம் இருக்கிறது. அதே கபிலர் 261 அடிகளில் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தோழியாக மாறி, தலைவியின் செவிலித்தாயிடம் பேசுகிறார். தலைவியின் களவுக் காதலைத் தக்க முறையில் வீட்டாருக்கு வெளிப்படுத்துவதை மரபு அறத்தொடு நிற்றல் என்று அழைக்கும். கேட்பவள் செவிலி என்பதால், மதங்கொண்டு வந்த யானையிடமிருந்து தலைவன் காத்ததையும், மலைக்கடவுளை வணங்கி அருவிநீர் குடித்து அவன் உறுதி உரைத்ததையும் தோழி தேர்ந்தெடுத்துச் சொல்கிறாள். தலைவியோடு தனித்திருக்கும்போது அவள் இவ்வாறு பேசியிருக்க மாட்டாள். அந்த வேறுபாட்டை அறிந்திருந்ததே கபிலரின் திறம்.

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. குறுந்தொகையின் 58ஆம் பாடலைப் பாடிய வெள்ளிவீதியார் பெண்பாற் புலவர். ஆனால் அதில் பேசுபவன், தன்னைக் கடிந்துரைக்கும் நண்பனுக்கு மறுமொழி சொல்லும் தலைவன். வெயிலில் காய்ந்த பாறைமேல் உருகும் வெண்ணெயை, கையில்லாத ஊமை ஒருவன் கண்ணால் மட்டுமே காக்க முயல்வதைப்போலத் தன் நோய் பரவுகிறது என்கிறான் அவன். இந்த இயலாமையை ஓர் ஆண் தலைவியின் முன் இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்வானா என்பது ஐயத்துக்குரியது. திட்டுகிற நண்பனிடம் ஒப்புக்கொள்வான். பாடலில் எங்கேனும் பெண்மைச் சாயல் தெரிகிறதா என்று தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

ஆயினும் சங்க மரபு முழுக் கல்வியையும் தந்துவிடாது. அகப்பாடல்களின் மாந்தருக்குப் பெயர் சுட்டுவதில்லை என்பது விதி. தலைவி என்பவள் ஓர் இடம், தனி ஆள் அல்லள். நாவலுக்கோ பெயரும் ஊரும் கடனும் பல்வலியும் உள்ள தனி ஆள் தேவை. அதனால் கூற்று என்னும் கருவியோடு நோக்குநிலை என்ற நவீனக் கருவியும் சேர வேண்டியிருக்கிறது. நோக்குநிலை என்பது நிகழ்ச்சிகள் யாருடைய கண்வழியே காட்டப்படுகின்றன என்பதைக் குறிக்கும் சொல். தி. ஜானகிராமன் 1966இல் வெளிவந்த ‘அம்மா வந்தாள்’ நாவலில் அலங்காரத்தம்மாளைப் பெரும்பாலும் அவள் மகன் அப்புவின் கண்வழியாகவே காட்டுகிறார். அவளுடைய அந்தரங்கத்தைத் திறந்து விளக்கிவிட முயலாததால்தான் அவளது கம்பீரமும் குற்றவுணர்வும் ஒருசேர நிற்கின்றன. தெரியாத இடத்தில் வாயிலுக்கு வெளியே நிற்பதும் ஒரு கலை. ஜெயகாந்தன் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் நாயகி கங்காவையே கதை சொல்லவைத்து இதற்கு மாறான, இடர் மிகுந்த வழியைத் தேர்ந்தார். தாயிடமும் மாமாவிடமும் அவள் கொள்ளும் கசப்பு உயிரோடு இருக்கிறது என்றாலும், சில பக்கங்களில் கங்காவின் குரலுக்கு மேலே மேடைப் பேச்சாளரான ஜெயகாந்தனின் குரல் ஓங்கிவிடுவதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒரு பாத்திரம் தன் வாழ்க்கையைப் பற்றித் தனக்குத் தேவையான அளவுக்கு மேல் தெளிவாக வாதிடத் தொடங்கினால், பேசுபவர் மாறிவிட்டார் என்று கொள்ளலாம்.

தனி ஆளை உருவாக்குவதில் பாலினத்தைவிட வேலை கூடுதலாக உதவுகிறது என்பதை இளம் எழுத்தாளர்கள் பலர் கவனிப்பதில்லை. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலின் ஆரோக்கியம், ஊரார் துணியை வெளுத்தும், மாலையில் வீடு வீடாகச் சென்று சோறு வாங்கியும், அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் தன் பங்குத் தானியத்துக்காக நின்றும் வாழ்பவள். யாரிடம் கெஞ்ச வேண்டும், யாரிடம் உரிமையோடு சண்டை போடலாம், எந்த வாசலில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை அவளுடைய தொழிலே அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அவற்றை ஒழுங்காகப் பின்தொடர்ந்ததால் ஓர் ஆண் எழுத்தாளருக்கு அவள் வாய்த்தாள். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரை ‘கரிப்பு மணிகள்’ நாவலில் எழுதிய ராஜம் கிருஷ்ணனும் களத்துக்கு நேரில் சென்று பார்த்துக் கேட்டு எழுதும் வழக்கமுடையவர். அவருடைய ஆண் பாத்திரங்கள் கூலியும் வெயிலும் பற்றிப் பேசும்போது நம்பும்படி பேசுகிறார்கள்.

உடலை எழுதும் இடத்தில்தான் தவறுகள் மிகுதி. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறும். மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்ச்சி உடலின் வழியே புறத்தே புலப்படுவது. அதாவது உடல் அங்கே உணர்ச்சியின் இருப்பிடம், பார்வைப் பொருள் அன்று. காலையில் கண்ணாடி முன் நின்று தன் கூந்தலையும் இடையையும் தானே வருணித்துக்கொள்ளும் கதாநாயகியை எந்த மெய்ப்பாட்டிலும் சேர்க்க இயலாது. (அத்தகைய கண்ணாடிகள் தமிழ்த் தொடர்கதைகளில் எத்தனை என்று எண்ணினால் ஒரு கடையே வைக்கலாம்.) நின்றுகொண்டே பயணம் செய்யும் பேருந்தில் தோள்பையை எந்தப் பக்கம் மாற்றிக்கொள்வது என்ற யோசனையோ, வெளியூரில் கழிப்பறை கிடைக்குமா என்று அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இருப்பதோ அவள் உடலை உள்ளிருந்து காட்டும். ஆண்களை எழுதும் பெண்கள், வேலை இல்லாத மகன் தந்தையோடு ஒரே அறையில் உண்ணும்போது நிலவும் மௌனத்தை உற்றுக் கேட்டால் போதும்.

ஆண், பெண் என்ற இரண்டோடு இந்த வினா முடிவதும் இல்லை. சு. சமுத்திரம் ‘வாடாமல்லி’ நாவலில் திருநங்கையின் வாழ்வை வெளியிலிருந்து, பரிவோடு எழுதினார்; பின்னர் 2007இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ தன்வரலாறாக வந்தது. திருநங்கையரே எழுதிய நூல்கள் கிடைக்கும் காலத்தில், அவற்றைப் படிக்காமல் வெளியிலிருந்து கற்பனை செய்வது சோம்பல் என்றே கருதப்படும்.

கூற்றையும் கேட்போரையும் பழக, இளம் எழுத்தாளர் தம் கதையின் நாயகிக்கு வேலை போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, அச்செய்தியை அவள் மாமியாரிடமும், உடன் வேலை செய்த தோழியிடமும், ஊரிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் தம்பியிடமும் சொல்வதை மூன்று தனிப் பத்திகளாக எழுதிப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒன்றுபோல் இருந்தால் அவள் இன்னும் பிறக்கவில்லை. வேறுபட்டிருந்தால், அப்பக்கங்களை அதே வயதும் அதே வேலையும் உள்ள ஒரு பெண்ணிடம் படிக்கக் கொடுத்து, கதை நன்றாக இருக்கிறதா என்று கேட்பதை விடுத்து, எந்த வரியை அவர் ஒருபோதும் வாயால் சொல்லியிருக்க மாட்டார் என்று மட்டும் கேட்டு, அவர் காட்டும் வரியை வாதம் செய்யாமல் அடித்துவிட வேண்டும்.